மலை ரயிலில் வண்ண அகச்சிவப்பு: மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவிலிருந்து ஒரு படம்

கல்லாற்றைத் தாண்டி மலையேறும் நீலகிரி ரயிலைப் படமெடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல் நன்றாகத் தெரியும். எங்கு திரும்பினாலும் பச்சை. அடிவாரத்தில் பாக்குத் தோப்பு, அதற்கு மேல் காடு, குன்னூர் நெருங்க நெருங்கத் தேயிலை. கண்ணுக்கு இது எத்தனையோ விதமான பச்சை. படத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். நடுவே மூன்று நான்கு பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருக்கும் ரயில் சரிவுக்குள் அமுங்கிப் போகும். கறுப்பு-வெள்ளையில் இன்னும் மோசம், பெட்டியும் புதரும் ஒரே சாம்பல்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதித்து, இலையை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும் வண்ண ஃபிலிம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோடாக் நிறுவனம் உருவாக்கியது. பச்சை பெயிண்ட் அடித்து, பச்சைத் துணி போர்த்தி மறைத்து வைத்த பீரங்கியை விமானத்திலிருந்து கண்டுபிடிப்பதுதான் அதன் முதல் வேலை. பிறகு காடு, பயிர், நோய் கண்ட மரம் என்று கணக்கெடுக்கப் பயன்பட்டது. ஏரோக்ரோம் என்ற பெயரில் விமானப் படத்துக்கும், எக்டாக்ரோம் ஈ.ஐ.ஆர் என்ற பெயரில் சாதாரண 35 மி.மீ. கேமராவுக்கும் கிடைத்தது. ஈ.ஐ.ஆர் 2007-ல் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஏரோக்ரோமும் போய்விட்டது. இப்போது அங்கங்கே ஃப்ரீசரில் வைத்திருந்த பழைய ரோல்களை ஏலத்தில் விற்கிறார்கள். விலை ஒருபக்கம் இருக்கட்டும். இந்த ஃபிலிம் பழசானால் முதலில் பலவீனமாவது அகச்சிவப்பு அடுக்குதான். எதற்காக வாங்குகிறோமோ அதுவே இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் அந்த வழியை விட்டுவிட்டு, இன்றும் புதிதாகக் கிடைக்கும் கறுப்பு-வெள்ளை அகச்சிவப்பு ஃபிலிமில் அதே வேலையைச் செய்ய முடியுமா என்று பார்த்தேன். முடிகிறது. ரயிலுக்கு என்று வரும்போது சில இடங்களில் பழைய ஃபிலிமில் கிடைக்காத ஒன்றும் கிடைக்கிறது.

இலை ஏன் சிவக்கிறது

ஈ.ஐ.ஆர் ஃபிலிமில் மூன்று அடுக்கு. ஒன்று பச்சை ஒளியை உணரும், ஒன்று சிவப்பை, ஒன்று அகச்சிவப்பை. கழுவி வரும் ஸ்லைடில் நிறங்கள் ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளி உட்காரும். பச்சை ஒளி விழுந்த இடம் நீலமாகவும், சிவப்பு விழுந்த இடம் பச்சையாகவும், அகச்சிவப்பு விழுந்த இடம் சிவப்பாகவும் வரும். மூன்று அடுக்குகளும் நீல ஒளிக்கும் மசியும் என்பதால் லென்ஸுக்கு முன்னால் 12 எண் மஞ்சள் ஃபில்டர் போட்டு நீலத்தை வெளியே நிறுத்திவிடுவார்கள்.

இலை, பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. சிவப்பைப் பச்சையம் விழுங்கிவிடுகிறது. 700 நானோமீட்டரைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ். அங்கே பச்சையத்துக்கு வேலை இல்லை. இலைக்குள் இருக்கும் செல் சுவர்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் நடுவே ஒளி மோதி மோதி, ஏறக்குறைய பாதி வெளியே வந்துவிடுகிறது. கறுப்பு-வெள்ளை அகச்சிவப்புப் படத்தில் மரம் பனி பூத்த மாதிரி வெளுத்து இருப்பதற்கும் இதுதான் காரணம். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910-ல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். அவர் பெயராலேயே இதை வுட் விளைவு என்கிறார்கள். சிலர் இதை வெப்பப் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பதிவாவது வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு, இலையில் பட்டுத் திரும்பியது.

பெயிண்ட் அடித்த பச்சைக்கு இந்தக் குணம் பெரும்பாலும் இருக்காது. அங்கேதான் எனக்கு ஆர்வம் வந்தது. சிவப்புக் காடு அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ரயில் படத்தில் எனக்கு அதைவிட முக்கியம், உயிருள்ளதும் மனிதன் செய்ததும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது. தண்டவாளம், பல்சக்கரப் பட்டை, பாலம், பெட்டி, ஸ்டேஷன் கூரை எல்லாம் ஒரு பக்கம். காடு முழுக்க மறுபக்கம்.

மூன்று தட்டு முறை

ஒரே காட்சியை மூன்று ஃபில்டர்களில் மூன்று தடவை எடுத்து, பிறகு சேர்த்து வண்ணப் படமாக்குவது பழைய முறைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் செர்கேய் புரோகூதின்-கோர்ஸ்கி ஒரு நீளக் கண்ணாடித் தட்டில் நீலம், பச்சை, சிவப்பு என்று அடுத்தடுத்து மூன்று படம் பதித்தார். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அவருக்கு இருட்டறையோடு ஒரு ரயில் பெட்டியே கொடுத்திருந்தார். மர்மான்ஸ்க் ரயில் பாதையையும் அவர் எடுத்திருக்கிறார். அவருடைய தட்டுகளை 1948-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கியது. அந்தப் படங்களில் ஓடும் தண்ணீரையும் புகையையும் உற்றுப் பார்த்தால் ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலத் தீற்றல் தெரியும். மூன்று படங்களுக்கும் நடுவில் அவை நகர்ந்திருக்கின்றன.

நான் செய்தது அதையே ஒரு படி தள்ளி. நீலத்தை விட்டுவிட்டு, பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என்று மூன்று ஃபிரேம். கணினியில் சேர்க்கும்போது அகச்சிவப்பு ஃபிரேம் சிவப்பு இடத்துக்கு, சிவப்பு ஃபிரேம் பச்சை இடத்துக்கு, பச்சை ஃபிரேம் நீல இடத்துக்கு. ஏரோக்ரோமின் அதே கணக்கு.

ஃபிலிம், ரோலை இன்ஃப்ராரெட் 400. இதன் உணர்வு 820 நானோமீட்டர் வரை போகிறது. ஏரோக்ரோம் 900 வரை போகும். இலையின் பிரதிபலிப்பு 760 வாக்கிலேயே உச்சத்துக்கு வந்துவிடுவதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இதன் அடிப்பட்டை கண்ணாடி மாதிரி தெளிவான பாலியெஸ்டர். ரோலின் வாலில் படும் வெளிச்சம் பட்டை வழியாகவே உள்ளே ஓடி முதல் சில ஃபிரேம்களைப் புகைய வைத்துவிடும். அதனால் கேமராவில் ஏற்றுவதும் இறக்குவதும் இருட்டில்தான். வெளியூரில் இருக்கும்போது ஃபிலிம் மாற்றும் கறுப்புப் பைக்குள் கேமராவையே விட்டு மாற்றினேன்.

கேமரா நிக்கான் எஃப்.எம்.2. முழுக்க மெக்கானிக்கல். இது முக்கியம், ஏனென்றால் பிற்காலத் தானியங்கி ஃபிலிம் கேமராக்களில் பலவற்றுள் ஃபிலிமின் துளைகளை எண்ண ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாதாரண ஃபிலிமுக்கு அது தெரியாது. இந்த ஃபிலிமுக்கு ஓரமெல்லாம் கறுத்துவிடும். பழைய லென்ஸில் இன்னொரு வசதி, அகச்சிவப்புக்கு ஃபோகஸை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று ஒரு சிவப்புப் புள்ளி போட்டிருப்பார்கள். மூன்று தட்டு முறையில் நான் அதைத் தொடவில்லை. ஃபோகஸை நகர்த்தினால் படத்தின் அளவும் ஒரு துளி மாறும், பிறகு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. லென்ஸின் துளையை எஃப் 11 என்று சிறிதாக்கி, அதனால் கூடும் ஃபோகஸ் ஆழத்தால் அந்த வித்தியாசத்தைச் சமாளித்தேன்.

ஃபில்டரில்தான் உயிர்

இந்த வேலையில் நேரம் பிடித்த இடம் இது. பச்சைக்கு 58 எண், சிவப்புக்கு 25 எண், அகச்சிவப்புக்கு ஹோயா ஆர்72. முதல் இரண்டும் வண்ணப் பிரிப்புக்கென்றே வந்த பழைய எண்கள். ஆனால் அவை வந்த காலத்து ஃபிலிம்களுக்கு அகச்சிவப்பு தெரியாது. அதனால் பச்சை ஃபில்டர் 700-க்கு மேல் கதவைத் திறந்து விட்டிருந்தாலும் யாருக்கும் பாதகமில்லை. 25 எண் சிவப்பும் 600-க்கு மேல் எல்லாவற்றையும் விடும். அகச்சிவப்பு உணரும் ஃபிலிமில் இவற்றை அப்படியே போட்டால் பச்சை ஃபிரேமிலும் சிவப்பு ஃபிரேமிலும் இலை வெளுத்துக்கொண்டு வரும். சேர்த்தால் காடு சிவக்காமல் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சப்பென்று இருக்கும்.

இதை உறுதி செய்துகொள்ள வீட்டு வாசலிலேயே சோதித்தேன். நிலைப்படியில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. அதன் பக்கத்தில் மரத்திலிருந்து பறித்த நிஜ மாவிலைக் கொத்து ஒன்றைக் கட்டினேன். கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. ஃபில்டர் மட்டும் போட்டு ஒரு தொகுப்பு. அதே ஃபில்டர்களோடு யூ.வி-ஐ.ஆர் கட் என்று விற்கும் கண்ணாடியைச் சேர்த்துப் போட்டு இன்னொரு தொகுப்பு. அந்தக் கண்ணாடி 700-க்கு மேல் எதையும் விடாது. முதல் தொகுப்பில் நிஜ இலை வெளிறிய ரோஜா நிறம், பிளாஸ்டிக் இலை சாம்பல். இரண்டாவதில் நிஜ இலை நல்ல செம்பருத்திச் சிவப்பு, நடு நரம்பு கொஞ்சம் வெளுத்து. பிளாஸ்டிக் இலை மங்கலான கத்தரிப்பூ நீலம். பீரங்கியைக் கண்டுபிடித்த அந்தப் பழைய ஃபிலிமின் வேலையே நம் வாசலில் நடந்த மாதிரி இருந்தது.

கட் கண்ணாடியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சாயம் போட்ட கண்ணாடி இல்லை. மெல்லிய பூச்சுகளால் ஒளியைத் திருப்பி அனுப்புவது. ஒளி சாய்ந்து வந்தால் அது வெட்டும் எல்லை சிவப்புக்குள்ளேயே இறங்கிவிடும். 28 மி.மீ. லென்ஸில் நான்கு மூலையிலும் சிவப்பு ஃபிரேம் இருண்டது. 50 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. அகன்ற மலைக்காட்சி வேண்டுமென்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரைத் திருகிக் கழற்றி மாட்டினால் கேமரா அசையும், நேரமும் போகும். மூன்றுக்கும் காந்த வளையம் போட்டுவிட்டேன். எடுத்து ஒட்டினால் போதும். நல்ல கனமான ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், அடுத்த ஃபிரேமுக்கு லீவரைத் தள்ளும்போது மறு கையால் கேமராவின் அடியைப் பிடித்துக்கொள்வது. இவ்வளவுதான் சூட்சுமம்.

எக்ஸ்போஷருக்கு மீட்டரை நம்ப முடியாது, அதற்கு அகச்சிவப்பு தெரியாது. நல்ல வெயிலில் எஃப் 11 வைத்து, பச்சைக்கும் சிவப்புக்கும் 1/125, ஆர்72-க்கு 1/30 என்று தொடங்கினேன். அகச்சிவப்பை மட்டும் 1/15-லும் இன்னொன்று எடுத்து வைத்தேன், ஏனென்றால் வெயிலின் உயரத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்து அது கொஞ்சம் கூடிக் குறையும். ஆக ஒரு வண்ணப் படத்துக்கு நான்கு ஃபிரேம். 36 ஃபிரேம் ரோலில் ஒன்பது படம். எதை எடுப்பது என்று நின்று யோசிக்க வைக்கும் கணக்கு இது, எனக்குப் பிடித்திருந்தது.

ஹில்குரோவில்

மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும் வண்டி, கல்லாற்றுக்குப் பிறகு பல்சக்கரப் பாதையில் ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நீராவி எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கி நடப்பார்கள். வண்டி அசையாமல் நிற்கும் நேரம் என்பதால் மூன்று தட்டு முறைக்கு ஏற்ற இடம். பிளாட்பாரத்தில் ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. பாதைக்குள் இறங்கிப் படமெடுப்பதை நான் செய்வதில்லை. அது சட்டப்படி குற்றம், ஏறி வரும் வண்டிக்கும் ஆபத்து.

அங்கே எடுத்ததில் முதலில் கண்ணில் பட்டது கொடிகள். இந்த வண்டியில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது, முன்னால் நிற்பவரின் கொடியைப் பார்த்துப் பின்னால் இருப்பவர்கள் கைமாற்றிச் சொல்ல வேண்டும். வண்டி நின்ற நேரத்தில் ஒருவர் இரண்டு கொடிகளையும் சுருட்டிக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து வைத்திருந்தார். படத்தில் சிவப்புக் கொடி மஞ்சளாக வந்தது, பச்சைக் கொடி ஊதாச் சிவப்பாக. யோசித்தால் சரிதான். சாயம் போட்ட பருத்தித் துணி என்ன நிறமாக இருந்தாலும் அகச்சிவப்பைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். சிவப்புத் துணிக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் சேர, படத்தில் பச்சையும் சிவப்பும் கூடி மஞ்சள். பச்சைத் துணிக்குப் பச்சையும் அகச்சிவப்பும் சேர, படத்தில் நீலமும் சிவப்பும் கூடி ஊதாச் சிவப்பு. பக்கத்தில் ஒரு பயணி வைத்திருந்த கறுப்புத் துணிப்பை திராட்சை நிறத்துக்கு வந்திருந்தது. எஞ்சினின் புகைப்பெட்டியில் படிந்த கரி மட்டும் மூன்று ஃபிரேமிலும் கறுப்பு. கரி எந்த ஒளியையும் விடுவதில்லை.

பெட்டியின் நீலம் எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்று. நீல நிறமிகளிலேயே பிரஷ்யன் நீலம் அகச்சிவப்பை விழுங்கும், அல்ட்ராமரீன் திருப்பி அனுப்பும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெயிண்ட் இந்தப் படத்தில் வேறு வேறு நிறமாக நிற்கலாம். ஓவியங்களைப் பராமரிக்கும் வல்லுநர்கள் மேலே பூசிய திருத்தத்தைக் கண்டுபிடிக்க இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். எனக்குக் கிடைத்த படத்தில் பெட்டி ஆழ்ந்த நீலமாகவே நின்றது. கதவுக்குக் கீழே ஒரு கை அகலத் திட்டு மட்டும் செந்நீலமாக இருந்தது. நேரில் அந்த இடத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அங்கே பிறகு வேறு டப்பா பெயிண்ட் பூசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்களுக்கு இந்த முறை உண்மையிலேயே உதவும். எந்த இடத்தில் அசல் பூச்சு இருக்கிறது என்று சுரண்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்.

பிறகு எஞ்சினின் நீராவி. நான் அதிகம் எதிர்பார்த்தது இதைத்தான். ஃபில்டர் மாற்றி மூன்று ஃபிரேம் எடுக்க அரை நிமிடத்துக்குள் ஆகிறது. அதற்குள் மலை நகராது, வண்டி நகராது, ஆவி மூன்று வெவ்வேறு வடிவமாகியிருக்கும். மூன்றிலும் ஆவி இருந்த இடம் வெள்ளை. ஒன்றில் மட்டும் இருந்த இடத்தில் அந்த ஃபிரேமின் நிறம். இரண்டில் இருந்த இடத்தில் இரண்டும் கலந்த மஞ்சள், ஊதா, வெளிர் நீலம். ஹில்குரோவில் எஞ்சினின் அடியிலிருந்து பக்கவாட்டில் பீறிட்ட ஆவி, சக்கரத்துக்கு அருகில் தூய வெள்ளையாகவும், ஒரு கை நீளம் தள்ளி சிவப்பும் பச்சையுமாக இழைபிரிந்தும், பிளாட்பார ஓரத்தில் ஏறக்குறைய எல்லா நிறமுமாகவும் கரைந்தது. வடிவம் அதிகம் மாறும் இடத்தில் நிறம் கூடுகிறது. இது ஏரோக்ரோமில் வராது. அது ஒரே நொடியைப் பதிக்கும் ஃபிலிம். இங்கே கிடைப்பது அரை நிமிடம்.

ஓடும் வண்டியை எடுத்தால் மூன்று நிறத்தில் மூன்று வண்டி வரும். வேடிக்கை என்பதைத் தாண்டி அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓடும் வண்டிக்கு அகச்சிவப்பு ஃபிரேமை வண்டி வரும்போதும், மற்ற இரண்டை அது போன பிறகும் எடுத்துப் பார்த்தேன். சிவந்த காட்டின் நடுவே வண்டி, அடியில் இருக்கும் புதரும் தண்டவாளமும் ஊடுருவித் தெரிய ஒரு நிழல்போல நின்றது. அதை வைத்துக்கொண்டேன். ஆனால் ரயில் படம் என்று காட்ட மாட்டேன்.

பனி, நிழல், சிக்னல்

அகச்சிவப்பு மூடுபனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். தூரத்து நீல மங்கலுக்கு அது உண்மை. அந்த மங்கல் காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும் குறைந்த அலைநீளத்தை அதிகம் சிதறடிப்பதால் வருவது, அகச்சிவப்பில் வெகுவாகக் குறைந்துவிடும். கேத்தியிலிருந்து எடுத்த படத்தில் வெறும் கண்ணுக்கு நீலப் படலமாக இருந்த எதிர்மலையின் மரங்கள் சிவப்பில் தனித்தனியாக நின்றன. ஆனால் குன்னூர்ப் பக்கம் மதியம் ஏறி வரும் மேகம் வேறு. அது தண்ணீர்த் துளி. ஒவ்வொரு துளியும் அகச்சிவப்பு அலையைவிடப் பல மடங்கு பெரிது. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதற்குள் அகச்சிவப்பாலும் ஒன்றும் தெரியாது. மேகம் இறங்கிவிட்டால் கேமராவை மூடி வைத்துவிடலாம்.

நிழல்கள் வெளிர்நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறத்துக்குச் சாய்ந்தன. நிழலுக்குள் விழுவது வானத்தின் ஒளி, அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு. சிவப்புக் காட்டுக்குள் இந்தக் குளிர்ந்த நிழல் அழகாக உட்கார்ந்தாலும், பெட்டியின் நிழல் பக்கத்தை எடுத்தால் வண்டி முழுக்க அந்த நிறத்தில் தோய்ந்துவிடுகிறது. வெயில் படும் பக்கத்தில் நிற்பதே நல்லது. காற்றும் ஓர் எதிரி. இலை ஆடினால் கிளை நுனியெல்லாம் வண்ணப் பொடி தூவியதுபோல் ஆகிவிடும். தேயிலைப் புதர் கட்டையாக வெட்டிவிட்டது என்பதால் ஆடாமல் நிற்கிறது, யூகலிப்டஸ் ஆடுகிறது. லவ்டேல் பக்கம் போகிறவர்கள் காற்றில்லாத காலை நேரமாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்.இ.டி சிக்னலின் சிவப்பு விளக்கு இந்த முறையில் பச்சையாக வரும். அந்த விளக்கில் அகச்சிவப்பு கிடையாது, சிவப்பு மட்டும். சிவப்பு ஃபிரேம் பச்சை இடத்தில் உட்காருவதால் சிக்னல் பச்சை. அதே சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பழைய இழை பல்பு இருந்தால், பல்பின் அகச்சிவப்பும் சேர்ந்து மஞ்சளாகும். பச்சை எல்.இ.டி நீலமாகும். மேட்டுப்பாளையத்தில் அகலப்பாதைப் பக்கம் எடுத்ததைச் சேர்த்துப் பார்த்தபோது சிவப்பில் நின்ற வண்டி பச்சையில் நிற்பதுபோல் இருந்தது. ரயில் படத்தில் சிக்னல் ஒரு தகவல். அதை மாற்றிக் காட்டும் படத்தை, அடியில் விளக்கம் எழுதாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

பாய்லர் சூடு படத்தில் தெரிகிறதா என்று நண்பர்கள் கேட்டார்கள். தெரியாது. இரும்பு கண்ணுக்கே மங்கலாகச் சிவந்து தெரிய 525 டிகிரி செல்சியஸ் வாக்கில் வர வேண்டும். இந்த ஃபிலிம் பார்ப்பது அந்தச் சிவப்புக்கு அடுத்த சின்னப் பட்டையைத்தான். 200 டிகிரியைக்கூட எட்டாத பாய்லர் உறை அதற்கு வெறும் தகடு.

கழுவுவதும் சேர்ப்பதும்

டி-76 டெவலப்பர், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரியில். கோயம்புத்தூர் வெயில் காலத்தில் 20 டிகிரி என்றால் டப்பாவைச் சுற்றிப் பனிக்கட்டித் தண்ணீர் வேண்டும். மூன்று ஃபிரேமும் ஒரே ரோலில் ஒரே நேரத்தில் கழுவப்படுவது இந்த முறையின் பெரிய வசதி. தனித்தனி ரோலில் எடுத்தால் மூன்றின் அழுத்தமும் மூன்று விதமாகி நிறம் எங்கேயோ போய்விடும்.

நெகட்டிவை ஒளிப்பலகை மேல் வைத்து மேக்ரோ லென்ஸால் எடுத்தேன். எக்ஸ்போஷர் மேனுவலில், மூன்றுக்கும் ஒரே அளவு. தானியங்கியில் விட்டால் அகச்சிவப்பு ஃபிரேமின் வெளுப்பை அது சரிசெய்துவிடும், அந்த வெளுப்புதான் நமக்கு வேண்டிய சிவப்பு. ஹ்யூகின் மென்பொருளில் மூன்றையும் பொருத்தி, கிம்ப்பில் வண்ணக்கூறுகளைச் சேர்க்கும் வசதியில் அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை என்ற வரிசையில் போட்டால் படம் வந்துவிடும்.

நிறச் சமநிலைக்குச் சாம்பல் அட்டை உதவாது. பல அட்டைகள் கண்ணுக்குத்தான் சாம்பல், அகச்சிவப்பில் வெளுத்துவிடும். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சின்ன அட்டையில் பல அடுக்குச் சுற்றி, முதல் தொகுப்பில் அதைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து எடுத்தேன். டெஃப்லான் பச்சைக்கும் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் ஒன்றுபோல வெள்ளை. அந்த அட்டை வெள்ளையாக வரும்வரை மென்பொருளில் மூன்று நிறங்களின் கோடுகளையும் நகர்த்தினால் மீதி நிறம் தானாகச் சரியாகிறது. சரியாகச் செய்தால் தண்டவாளத்தின் நடுவில் கொட்டிய ஜல்லி சாம்பலாகவே நிற்கும், துருப்பிடித்த பக்கம் பசுமஞ்சள் தொட்டிருக்கும், வண்டி உரசி உரசிப் பளபளக்கும் பல்பட்டையின் மேல் விளிம்பு நிறமே இல்லாத வெள்ளிக் கோடாக இருக்கும். காடு சிவப்பது இருக்கட்டும், இந்த மூன்றும் சரியாக வந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்து எடுக்க வேண்டியது புகை. இந்தப் பாதையில் எண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் இருக்கின்றன. திருச்சி பொன்மலைப் பணிமனையில் நிலக்கரி எஞ்சின் ஒன்றையும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஆவியின் துளி பெரிது, மெல்லிய புகையின் துகள் மிகச் சிறிது. கணக்குப்படி அகச்சிவப்பு அந்தப் புகைக்குள் ஆவியைவிட அதிகம் ஊடுருவ வேண்டும். அப்படியானால் காற்றில்லாத காலையில், எஞ்சின் நிற்கும்போது, ஆவி வெள்ளையாகவும் புகை நீலப்பச்சையாகவும் பிரிந்து வர வேண்டும். குன்னூர் ஷெட் அருகில் இரண்டு வகை எஞ்சினையும் ஒரே ரோலில் எடுத்தால் தெரிந்துவிடும். ரோல் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, மழை நின்றதும் போகிறேன்.